டிராகுலா எப்படிச் சாகிறான்?

ஹேமர் என்ற பிரிட்டிஷ் சினிமா கம்பெனியின் டிராகுலா படங்கள் ஒன்பதையும் போன இரண்டு வாரத்தில் மறுபடி பார்த்து முடித்தேன். இதில் எது உசத்தி, எது மட்டம் என்று பேச்சு வந்தாலே எல்லாரும் டிராகுலாவாக நடித்த கிறிஸ்டோபர் லீயின் சிவந்த கண்ணுக்கும் பல்லுக்கும் போய்விடுகிறார்கள். லீ எனக்கும் உயிர்தான். ஆனால் நான் பார்ப்பது வேறு: கடைசியில் டிராகுலா எப்படிச் சாகிறான்? அந்தச் சாவுக்காக ஒரு மனுஷன் மூளையையும் உடம்பையும் போட்டுப் போராடியிருந்தால் அது நல்ல படம்.

1958இல் டெரன்ஸ் ஃபிஷர் எடுத்த முதல் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். டிராகுலா தன்னை வேட்டையாட வந்த வான் ஹெல்சிங்கின் கழுத்தை நெரிக்கிறான், அவர் மயங்கித் துவண்டுவிட்டார் என்று நினைத்துக் கடிக்கக் குனிகிறான், அப்போது வான் ஹெல்சிங்காக நடித்த பீட்டர் குஷிங் சட்டென்று கண்ணைத் திறந்து அவனைத் தள்ளிவிடுகிறார் பாருங்கள். அப்புறம் நீளமான மேசை மேல் ஏறி ஓடி, திரைச்சீலையைப் பிடித்துத் தாவி இழுக்க, காலை வெயில் உள்ளே பாய்கிறது. கையில் சிலுவை இல்லை. இரண்டு மெழுகுவர்த்தித் தண்டுகளைக் குறுக்கே வைத்துப் பிடித்து அவனை வெயிலுக்குள்ளேயே தள்ளுகிறார். அந்தத் தாவலும் தண்டுகளும் குஷிங்கே சொன்ன யோசனை. கடைசியில் சாம்பல் காற்றில் போகிறது, மோதிரம் மட்டும் கிடக்கிறது. அந்தப் படம் முழுக்க லீ வருவதே சில நிமிடங்கள்தான், பேசுவதும் ஆரம்பத்தில் கோட்டையில் மட்டும்தான். ஆனாலும் படம் முழுக்க அவன் எங்கோ பக்கத்திலேயே நிற்கிற மாதிரி இருக்கும்.

இருந்தாலும் என் முதல் இடம் அதற்கு இல்லை, 1960இல் வந்த ‘தி பிரைட்ஸ் ஆஃப் டிராகுலா’வுக்குத்தான். சண்டைக்கு வருவீர்கள் என்று தெரியும், ஏனென்றால் தலைப்பில் டிராகுலா இருக்கிறானே தவிர படத்தில் இல்லை, லீயும் இல்லை. டேவிட் பீல் நடித்த மைன்ஸ்டர் பிரபு என்கிற அழகான இளைஞன்தான் ரத்தக்காட்டேரி. இதில் ஒரு காட்சி வரும். குதிரை லாயத்தில் செத்த பெண்ணின் சவப்பெட்டி, அதற்குப் பூட்டுப் போட்டிருக்கிறது, தோழி பக்கத்தில் காவல் இருக்கிறாள். பூட்டு தானாகக் கழன்று தரையில் விழுகிறது. அவ்வளவுதான், யாரும் அதைத் தொடவில்லை. அந்தச் சத்தத்துக்கு இப்போதும் எனக்கு முதுகு சில்லென்கிறது.

அதைவிடப் பெரிய காட்சி காற்றாலைக்குள். வான் ஹெல்சிங்கையே மைன்ஸ்டர் கடித்துவிடுகிறான். நினைவு வந்ததும் கழுத்தைத் தடவிப் பார்க்கிறார், என்ன நடந்தது என்று புரிகிறது, இனி தானும் காட்டேரி ஆகிவிடுவோம் என்பதும் தெரிகிறது. இரும்பைக் கணப்பில் பழுக்கக் காய்ச்சித் தன் கழுத்தில் தானே வைத்து அழுத்துகிறார், மேலே புனித நீரை ஊற்றுகிறார். குஷிங் அதில் ஒரு வசனம்கூடப் பேசுவதில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு செய்கிறார். கடைசியில் காற்றாலையின் இறக்கைகளைத் தன் உடம்பு பாரத்தாலேயே திருப்பி, நிலா வெளிச்சத்தில் அதன் நிழல் சிலுவையாக மைன்ஸ்டர் மேல் விழும்படி செய்கிறார். இந்த வரிசையிலேயே இதுபோல் யோசித்து எழுதிய சாவு இன்னொன்று இல்லை.

1966 படத்தில் லீக்கு ஒரு வசனம்கூடக் கிடையாது, அங்கே காட்டேரியாகிவிட்ட பெண்ணாக வரும் பார்பரா ஷெல்லியைத் துறவிகள் மேசையில் அமுக்கிப் பிடிக்கும் காட்சிதான் மனதில் நிற்கும். உறைந்த அகழியில் பனி உடைந்து டிராகுலா மூழ்குவதும் சரியான முடிவு. 1968 படம் பரவாயில்லை ரகம்.

சரி, மட்டமானது எது? பெரும்பாலானவர்கள் கைகாட்டுவது கடைசியாக லீ நடித்த ‘தி சடானிக் ரைட்ஸ் ஆஃப் டிராகுலா’வை. நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். டிராகுலாவை லண்டனில் கட்டட முதலாளியாக்கி, கொள்ளைநோய்க் கிருமியைப் பரப்பி உலகத்தையே அழிக்கத் திட்டம் போட வைத்தது அபத்தமாகத் தெரியலாம், ஆனால் அதில் ஒரு முயற்சி இருக்கிறது, எதிரே குஷிங்கும் இருக்கிறார். முள்புதருக்குள் அவனை வரவழைத்துச் சிக்க வைப்பவர் அவர்தான்.

என் கணக்கில் கடைசி இடம் 1970இல் வந்த ‘ஸ்கார்ஸ் ஆஃப் டிராகுலா’வுக்கு. முதல் காட்சியிலேயே ஒரு ரப்பர் வௌவால் ஆடிக்கொண்டே வந்து சாம்பல் மேல் ரத்தம் துப்புகிறது, டிராகுலா எழுந்துவிடுகிறான். முந்தின படத்தில் எப்படிச் செத்தான், இங்கே எப்படி வந்தான் என்று யாரும் கவலைப்படவில்லை. ஒரு பெண்ணை டிராகுலா கத்தியால் திரும்பத் திரும்பக் குத்துகிறான். ரத்தக்காட்டேரிக்குக் கத்தி எதற்கு? கடிப்பதில் இருந்த பயமும் மயக்கமும் அங்கேயே போய்விட்டன. கோட்டைச் சுவரில் அவன் ஊர்ந்து ஏறுவது மட்டும் மூல நாவலிலிருந்து வந்த அருமையான காட்சி, அதற்காக ஒரு மதிப்பெண் கொடுக்கிறேன்.

ஆனால் சாவு? கதாநாயகன் எறிந்த இரும்புக் கம்பி நெஞ்சில் படாமல் தப்பிவிடுகிறது, அதையே பிடுங்கி அவன் மேல் எறிய டிராகுலா கையை ஓங்குகிறான், கம்பியில் மின்னல் விழுகிறது, எரிந்து போகிறான். யாரும் யோசிக்கவில்லை, யாரும் எதையும் பணயம் வைக்கவில்லை. கழுத்தில் பழுக்கக் காய்ச்சிய இரும்பை வைத்துக்கொண்ட அந்த மனிதரைப் பார்த்த அதே வரிசையில் இதையும் பார்க்க எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது.