பைலட் ஆக பி.இ. கட்டாயம் இல்லை

மகனைப் பைலட் ஆக்க என்ன படிக்க வைக்க வேண்டும் என்று குடியாத்தத்திலிருந்து கேட்ட அப்பாவுக்கு, "டிகிரி இல்லாதவனை எந்த ஏர்லைனும் எடுக்காது, முதலில் காட்பாடியில் நாலு வருஷம் பி.இ. படிக்க வையுங்கள்" என்று இங்கே ஒருவர் பதில் சொல்லியிருக்கிறார். அப்படி எந்த விதியும் இல்லை, சார்.

வணிக விமானி உரிமத்துக்கு டிஜிசிஏ, அதாவது மத்திய அரசின் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், பல வருடமாகக் கேட்டு வருவது இயற்பியல், கணிதத்தோடு பிளஸ் டூ. அதையே தளர்த்தலாமா என்ற பேச்சு 2025-ல் எழுந்தது. மற்றபடி 18 வயது, மருத்துவத் தகுதி, எழுத்துத் தேர்வுகள், 200 மணி நேரம் பறந்த கணக்கு. அதில் 100 மணி நேரம் நீங்களே பொறுப்பு விமானியாக ஓட்டியிருக்க வேண்டும். கேப்டன் ஆவதற்கான ஏடிபிஎல் என்ற உயர்நிலை உரிமத்துக்கு 1,500 மணி நேரம் கேட்பார்கள், பட்டம் கேட்க மாட்டார்கள். அமெரிக்காவின் டெல்டா ஏர்லைன்கூட 2022-ல் பட்டக் கட்டாயத்தை எடுத்துவிட்டது.

அதற்காக டிகிரி வீண் என்று சொல்லவில்லை. மருத்துவத் தகுதியைக் குறிப்பிட்ட இடைவெளியில் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒருமுறை கோட்டை விட்டால் உரிமம் கையில் இருந்தும் பறக்க முடியாது. அப்போது ஒரு பட்டம் சோறு போடும். ஆனால் தினசரிக் கல்லூரியும் பறத்தலும் ஒத்துப்போகாது. பனி விலகட்டும் என்று காலை முழுக்கக் காத்திருந்து, பறந்த நேரத்தை எழுதும் லாக் புக்கில் ஒரு மணி நேரம்கூட ஏறாத நாட்கள் உண்டு. வருகைப் பதிவுக்கு எங்கே போவது? தொலைநிலையில் பி.காமோ பி.ஏ.வோ போதும்.

நிலத்தை விற்று ஃபீஸ் கட்டுவதற்கு முன்னால் பையனுக்கு மெடிக்கல் எடுத்துவிடுங்கள். முதலில் இரண்டாம் வகுப்பு (கிளாஸ் 2) மருத்துவச் சான்று, அப்புறம் முதல் வகுப்பு (கிளாஸ் 1).