தொழிற்சங்கச் சந்தா எந்தப் படிவத்தில் வரும்?
எம்.பி.க்களின் சொத்து விவரம் இணையத்தில் வந்துவிட்டதால் இலங்கையின் மலையகத்தில் பண அரசியல் ஒடுங்கிவிடும் என்று ஒரு கட்டுரை சொல்வது பாதிக் கணக்குத்தான். 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டப்படி மார்ச் 31இல் உள்ள சொத்தையும் கடனையும் ஜூன் 30க்குள் எம்.பி.க்கள் அறிவிக்க வேண்டும், சரி. ஆனால் தோட்டத்தில் செக்ரோலில், அதாவது சம்பளப் பதிவேட்டில், மாதாமாதம் பிடிக்கிற தொழிற்சங்கச் சந்தா அந்தப் படிவத்தில் எங்கே வரும்? சங்கத் தலைவரே எம்.பி.யாக இருந்தாலும் அது சங்கத்தின் பணம். அதன் வருடக் கணக்கு தொழிற்சங்கப் பதிவாளருக்குப் போகிறது. சங்க ஜீப்பும் காரியாலயமும் தேர்தல் வேலைக்கு இறங்கினால் டீசல் யார் தலையில்? முடிவு வெளியாகி 21 நாளுக்குள் வேட்பாளர் கொடுக்கும் செலவறிக்கையில்தான் அதைத் தேட வேண்டும். நுவரெலியா மாவட்டத்தில் 8 ஆசனத்துக்கு ஒரு பட்டியலில் 11 பேர். பட்டியலுக்குள் தனி வேட்பாளருக்குப் போடும் விருப்பு வாக்குக்காகச் சொந்தக் கட்சிக்காரரையே முந்த ஹங்குரன்கெத்தயிலிருந்து மஸ்கெலியா வரை ஓட்டம். செலவு ஏறுவதே அங்கேதான். கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர், ஒரு எம்.பி.யைப் பற்றி "இவருக்கு இத்தனை காணியா" என்று கொதித்திருக்கிறார். பரம்பரைக் காணி குற்றமில்லை. இரண்டு வருட அறிக்கையைப் பக்கத்தில் வைத்து, கூடிய சொத்தோடு அடைத்த கடனையும் கூட்டி, காட்டிய வருமானத்தோடு ஒப்பிடுங்கள். கடன் பகுதியைத்தான் யாரும் வாசிப்பதில்லை.