மரத்தில் அறைகிற பெயர்ப்பலகை

மட்டக்களப்புப் பக்கம் மரங்களுக்குப் பெயர்ப்பலகை வைக்கிறார்கள். நல்ல காரியம். முதிரை மரம் வெயில் காலத்தில் இலை கொட்டி நிற்கும்போது பார்க்க வருகிற பிள்ளைக்கு அந்தப் பலகைதான் துணை. ஆனால் அதை ஏன் இரும்பாணியால் பட்டைக்கு ஒட்ட அறைகிறார்கள்?

மரம் பட்டைக்கு உட்புறத்தில்தான் ஆண்டுதோறும் பருக்கும். ஒட்ட அடித்த தகடு முதலில் வளையும், பிறகு அதன் விளிம்பைப் பட்டை மூடும், கடைசியில் பாதிப் பெயர் மரத்துக்குள் போய்விடும். வாவிக்காற்றின் உப்பில் ஆணி துருவேறி, ஐப்பசி மழையில் பட்டை நெடுகக் கறுப்பாக வடியும். கம்பி சுற்றிக் கட்டுவது அதைவிடக் கொடுமை. கம்பி இறுகினால் இலையில் உண்டான உணவு வேருக்கு இறங்காது, மரமே பட்டுப்போகும்.

செய்கிற முறை கடினமில்லை. மூன்று அங்குலத் துருப்பிடிக்காத திருகாணி ஒன்று, தலைக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு சுருள்வில். ஆணியில் பாதிக்கு மேல் வெளியே நிற்கட்டும். மரம் பருக்கப் பருக்க வில் அமுங்கி இடம் கொடுக்கும். ஆண்டுக்கொரு தடவை திருகைச் சற்றுத் தளர்த்த வேண்டும். இதைத்தான் ஒருவரும் செய்வதில்லை! கைப்பருமன் கன்றுக்கு ஆணியே வேண்டாம், பக்கத்தில் முளைக்கம்பு நட்டு அதில் மாட்டுங்கள்.

பெயின்ற் எழுத்து வெயிலில் வெளிறிவிடும். அலுமினியத் தகட்டில் பொறித்து, தமிழ்ப் பெயரோடு தாவரவியல் பெயரையும் போடுங்கள்.