நனைந்த காக்ளியர் பிராசசரை ஹேர் டிரையரில் காய வைக்கலாமா?

காது கேளாதவர்களுக்கு அறுவை சிகிச்சையில் தோலுக்கு அடியில் பொருத்தும் கருவி காக்ளியர் இம்பிளாண்ட். வெளியே காதில் மாட்டி, ஒலியை வாங்கி அதற்கு அனுப்பும் கருவிதான் பிராசசர். “பிராசசர் நனைந்துவிட்டால் ஹேர் டிரையரில் காட்டுங்கள், இல்லை அரிசி டப்பாவில் புதைத்து வையுங்கள்” என்ற செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இரண்டுமே தவறு. சூடான காற்று ரப்பர் சீலையும் பசையையும் இளக்கிவிடும். காற்றின் வேகம் நீர்த்துளியை இன்னும் உள்ளே தள்ளும். அரிசி ஈரத்தைச் சரியாக இழுக்காது. அதன் மாவுத்தூள் மைக் துளையில் படிந்தால் ஒலி மங்கும். பேசத் தெரியாத குழந்தை அதை நமக்குச் சொல்லவும் முடியாது.

உடனே காதிலிருந்து கழற்றி பேட்டரியைத் தனியாக எடுங்கள். மெதுவாக உதறி, பஞ்சு பறக்காத உலர்ந்த துணியால் துடையுங்கள். பேட்டரி தொடும் உலோக முனைகளில்தான் ஈரம் ஒளிந்திருக்கும். அங்கே பச்சை அல்லது வெள்ளைப் பொடி தெரிந்தால் அரிப்பு தொடங்கிவிட்டது. பிறகு பிராசசரையும், தலையில் ஒட்டியிருக்கும் வட்டமான காயிலையும் (coil), ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் உள்ள உலர்த்தும் டப்பாவில் சுமார் 12 மணி நேரம் மூடி வையுங்கள். ஜிங்க்-ஏர் பேட்டரியை (தீர்ந்ததும் தூக்கிப்போடும் பட்டன் பேட்டரி) மட்டும் அதில் போடக் கூடாது, அதன் உள் ஈரமே வற்றிப்போகும். நனைந்த ஜிங்க்-ஏர் பேட்டரிக்குப் பதில் புதியது போடுங்கள். மைக் கவரையும் மாற்றிவிடுங்கள்.

காய்ந்த பிறகும் கரகரத்தால் ஆடியாலஜிஸ்ட்டிடம் (கேட்புத்திறன் நிபுணர்) கொண்டுபோங்கள். தோலுக்கு அடியில் உள்ள இம்பிளாண்டுக்கு இந்தத் தண்ணீரால் எதுவும் ஆகாது.