தியத்தலாவை நரியையும் சேர்த்திருக்கலாம்

இலங்கைக் கடற்படையின் 75 ஆண்டுகளைப் பற்றிய இந்தக் கட்டுரை அருமை. 1950 டிசம்பர் 9இல் அரச இலங்கைக் கடற்படை உருவானது, அதற்கு முன்பிருந்த தொண்டர் படை, முதல் கப்பல் 'விஜய' என்று எல்லாம் வந்திருக்கிறது. ஆனால் திருகோணமலை, கொழும்பு என்று கரையோடு நின்றுவிட்டது. மலையகத்துக்கும் இதில் பங்கு உண்டு ஐயா.

நான் பண்டாரவளைக்காரன். பக்கத்தில் தியத்தலாவை மலைச்சரிவில் வெள்ளைக் கற்களை அடுக்கி ஒரு பெரிய நரி உருவம் போட்டிருக்கிறது. காதும் நீண்ட வாலும் கீழே ஊருக்குள் நின்றாலே தெரியும். 'ஃபொக்ஸ்' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலின் மாலுமிகள், இங்கே முகாமில் இருந்தபோது தங்கள் கப்பலின் பெயரில் செய்தது அது. கடலே தெரியாத இடத்தில்! சின்ன வயதிலிருந்து அதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது தனிப் பெருமை.

அப்புறம், 1944இல் தென்கிழக்காசிய நேச நாட்டுப் படைகளின் தலைமையகத்தைப் பேராதனைப் பூங்காவில் அமைத்த மவுண்ட்பேட்டனும் கடற்படைக்காரர்தான்.

அடுத்த கட்டுரையில் இவற்றுக்கு ஒரு பத்தியாவது ஒதுக்குங்கள். நரி மலைப் படம் ஒன்றும் கட்டாயம் போடுங்கள்.