கைமாறும் கண்மை

திருமண வீட்டில் மணமகள் அறைக்குள் நுழைந்ததுமே, "அக்கா, உங்கள் மையைக் கொஞ்சம் கொடுங்களேன்" என்று யாராவது கை நீட்டிவிடுகிறார்கள். மறுத்தால் முகம் சுளிக்கிறார்கள். சென்ற வைகாசியில் மனம் கேட்காமல் கொடுத்தேன். ஒரே மைக்குச்சி ஐந்து பேரின் கண்களைச் சுற்றிவந்து, நுனியில் யாருடைய இமைமுடியோ ஒட்டியபடி என்னிடம் திரும்பியது. அவர்களுள் ஒருத்திக்குக் கண் சிவந்து ஓரத்தில் பீளை கட்டியிருந்ததைப் பிறகுதான் கவனித்தேன்.

கண்ணோய் இப்படித் தொற்றும் என்பதும், உதட்டுச்சாயத்தைப் பகிர்ந்தால் கொப்புளம் உண்டாக்கும் ஹெர்பிஸ் வைரஸும் உடன் வரக்கூடும் என்பதும் படித்தவர்களுக்கே உறைக்கவில்லையே என்று எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. ஒவ்வொரு முறையும் தூரிகை இமையிலுள்ள கிருமிகளை ஈரமான குழாய்க்குள் கொண்டுபோய் அடைப்பதால்தான், இமைமுடிக்குப் பூசும் மஸ்காராவைத் திறந்த 3 மாதங்களில் மாற்றிவிட வேண்டும் என்கிறார்கள். என் அத்தையோ ஆண்டுக்கணக்கில் வைத்திருந்து, உலர்ந்துபோனால் தண்ணீர் சொட்டுவிட்டுக் குலுக்குகிறார். டப்பாவின் அடியில் திறந்த சிமிழ் படத்துக்குள் திறந்தபின் எத்தனை மாதம் வைத்திருக்கலாம் என்று 6, 12 என மாதக்கணக்கே அச்சிட்டிருக்கிறது. அதை யார் திருப்பிப் பார்க்கிறார்கள்?

அந்த மைக்குச்சியை அன்றே குப்பையில் போட்டேன். இனிமேல் கேட்பவர்களுக்குப் புதிய பஞ்சுக்குச்சியில் தேய்த்துத்தான் தருவேன், கோபித்துக்கொண்டாலும் சரி.