பாண்டிய நாட்டுக் குதிரையும் போர்ச்சுகீசியரும்

மேலே ஒரு நண்பர், போர்ச்சுகீசியர் கப்பலில் கொண்டுவரும் வரை நம் நெல்லைச் சீமையில் குதிரையே கிடையாது என்று எழுதியிருக்கிறார். பலரும் அதைப் பகிர்ந்து வருவதால் இதை எழுதுகிறேன். அது சரியல்ல, குதிரை அவர்களுக்கு வெகுகாலம் முன்பே இங்கே வந்துவிட்டது.

வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கியது 1498-இல். அதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே, 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில், மார்க்கோ போலோ காயல் துறைமுகத்தைப் பற்றி எழுதிவிட்டார். ஹோர்முஸ், ஏடன் பக்கமிருந்து குதிரை ஏற்றிய கப்பல்கள் அங்கே வந்து நிற்கும் என்கிறார். அந்தக் காயல் வேறெங்கோ இல்லை. தாமிரபரணி கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்திலுள்ள நம்ம பழையகாயல்தான். 1986 வரை திருநெல்வேலி மாவட்டத்திலேயே இருந்த ஊர்.

இன்னும் பின்னால் போனால் மதுரைக்காஞ்சி. பாண்டியன் நெடுஞ்செழியனைப் பாடிய அந்தச் சங்கப் பாட்டில், நாவாய் ஓட்டி வந்தவர்கள் "கொணர்ந்த புரவியொடு" என்றே வருகிறது.

நண்பர் குழம்பியதற்குக் காரணமும் புரிகிறது. போர்ச்சுகீசியர் கோவாவைப் பிடித்த பிறகு அரபுக் குதிரை வணிகத்தைத் தங்கள் கைக்குள் கொண்டுவந்தார்கள், அது உண்மை. ஆனால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த வணிகத்தைத்தான் பிடித்தார்கள்.

சரிபார்க்க விரும்புபவர்கள் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் இணைய நூலகத்தில் மதுரைக்காஞ்சியைத் திறந்து, 320-ஆம் அடியை ஒட்டிப் பாருங்கள், உரையோடு கிடைக்கும். மார்க்கோ போலோவின் பயண நூலில் காயல் பற்றித் தனி அத்தியாயமே இருக்கிறது.